ஆர்டர் வருமுன் போட்ட ஸ்தோத்திர காணிக்கை

கிருபா, சாலமோன், ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். போனில் சொன்னால் சாலமோன் "சரி நைனா, சரி நைனா" என்று பாதியில் வைத்துவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீங்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கிருபா வேலை செய்கிற கம்பெனி இனிமேல் ஏஐ கம்ப்யூட்டர் கூடங்களுக்கு பவர் சிப் செய்யப் போகிறதாம். ஆட்களுக்குப் பங்கு கொடுக்கிறார்களாம். சாலமோன் தன் சேமிப்பையும் அதிலேயே போடலாமா என்று அக்காவைக் கேட்டான். நான் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தக் கதை நடந்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய் கிருபா. அவன் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான்.

என் மகன், மகள் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ரெண்டு பேரும் இப்போது என் தொழிலுக்கே வந்துவிட்டீர்கள். நீ சிப் சோதிக்கிறாய். அவன் சத்தியவேடு பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஸ்டோர் பார்க்கிறான். நான் பத்தாவதும் ஐடிஐயும் படித்தவன். உங்கள் படிப்புக்கு முன்னால் பேச எனக்குத் தகுதி கம்மி. ஆனால் ரேணிகுண்டா பக்கம் அந்தச் சின்ன கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சூட்டு அறையைப் பார்த்துக்கொண்டவன். அந்த ஒரு விஷயத்தை வைத்துப் பேசுகிறேன்.

பவர் சிப் கணக்குப் போடுகிற சிப் இல்லை. கரண்டை வாங்கி, வேண்டிய அளவுக்கு மாற்றிக் கொடுக்கிற சிப். போன் சார்ஜருக்குள் இருக்கும், கரண்ட் மிச்சம் பிடிக்கிற சீலிங் பேனுக்குள் இருக்கும். எங்கள் கம்பெனிக்குச் சோறு போட்டது பேன்தான். ஒவ்வொரு வகை சிப்பிலும் கொஞ்சம் எடுத்து, தட்டில் அடுக்கி, சூட்டிலும் ஈரத்திலும் கரண்ட் கொடுத்து ஆயிரம் மணி நேரம் வைத்திருப்போம். ஆறு வாரம் ஆகும். தாங்கினால் வெளியே போகும். அந்த அறைக்கு நாங்கள் வைத்த பேர் அடுப்பு.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு தப்பு செய்தேன். பேன் கம்பெனி லாரி வாசலில் நிற்கிறது. டெஸ்பாட்சில் இருந்தவர் வந்து, "தேவண்ணா, இன்னும் நாலு நாள்தானே பாக்கி. இத்தினி நாள் தாங்கினது நாலு நாள் தாங்காதா?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கதவைத் திறந்து தட்டை எடுத்துவிட்டேன். காகிதத்தில் 'பாஸ்' என்று எழுதிவிட்டேன். அந்தக் கோடையில் ஏதோ ஒரு ஊரில் பேன்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சிப்புகள் மூட்டையாகத் திரும்பி வந்தன.

அப்போது எங்களுக்கு மேலே இருந்த குவாலிட்டி அதிகாரி திட்டவில்லை. திரும்பி வந்த சிப்பில் ஒரு பிடி எடுத்து என் மேஜைமேல் போட்டுவிட்டு, "நாலு நாள் மிச்சம் பண்ணிக்கினியே, அந்த நாலு நாள வச்சிக்கினு இன்னா பண்ண?" என்று கேட்டார்.

"புத்தூருக்குப் போனேன் சார். மச்சானுக்குக் கை ஒடஞ்சிச்சி, கட்டு போட்டுக்கினு வந்தேன்."

"கட்டு போட்டவரு எத்தினி நாளைக்குப் பிரிக்கக் கூடாதுன்னாரு?"

"மூணு வாரம் சார்."

"நீ என்னிக்கிப் பிரிக்கப் போற?"

"மூணு வாரம் கழிச்சி சார்."

"ஏன், நாலு நாள் முன்னாடி பிரியேன்."

அடுப்புக் கதவை அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் முன்னாடிகூட நான் திறந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் அதே தப்பை இருபத்திரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில், நம்ம சபையில் செய்தேன். இந்தத் தடவை போனது பேன் இல்லை. ஒரு மனுஷியின் வீடே போகப் பார்த்தது.

ஒருநாள் காலையில் எம்.டி. நேராகச் சூட்டு அறைக்கு வந்தார். கெட்டவர் இல்லை அவர். ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், சம்பளத்தை ஒருநாளும் தள்ளிப் போட்டதில்லை. "ஏம் தேவன்னா, மன டைம் வச்சேசிந்தி" என்றார். நம்ம நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஏஐ கூடங்களுக்கு மெஷின் செய்கிற பெரிய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்கள் புது வகை சிப்பைக் கேட்டிருக்கிறது. அந்தக் கூடங்கள் ஒரு ஊருக்கு வேண்டிய கரண்டைக் குடிக்கிறவை. அதை வீணாக்காமல் மாற்றிக் கொடுக்கிற சிப்புக்கு எவ்வளவு விலையும் கொடுப்பார்கள் என்றார். முதல் தட்டை அனுப்புவதற்கு முன் திருப்பதி மலைக்கு எடுத்துப்போய் சாமிக்குக் காட்டிவிட்டு வந்தார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் வாங்கித் துன்னேன், நல்ல லட்டு.

எங்கள் கம்பெனி பங்கு சந்தையில் இருந்தது. அதுவரை யாரும் சீந்தாத பங்கு. செய்தி வந்ததும் ஏறத் தொடங்கியது. கேன்டீனில் தோசை போடுகிற அம்மா, "இன்னிக்கி எவ்ளோ ஏறிச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்னி ஊற்றுவார்கள். பதில் தெரியாதவனுக்குச் சட்னி கம்மி.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

சித்தூரில் நம்ம சபையின் வழக்கம் தெரிந்ததுதான். ஸ்தோத்திர காணிக்கை கவரில் மூன்று கோடு அச்சடித்திருக்கும்: பெயர், தொகை, காரணம். பாஸ்டர் ஐயா ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்து ஜெபம் பண்ணுவார். பிறந்தநாளுக்காக, பரீட்சை பாஸானதற்காக, பாத்ரூமில் வழுக்கி விழுந்தும் எலும்பு முறியாததற்காக. எல்லோரும் ஜெபத்தைவிட காரணத்தைத்தான் கவனமாகக் கேட்பார்கள். ஒரு வாரத்துப் பேச்சு அதில் இருக்கும்.

அந்த ஞாயிறு நான் ஐநூறு ரூபாய் வைத்து, என் பெயரை எழுதி, காரணம் என்ற கோட்டில் 'எங்கள் கம்பெனிக்கு ஏஐ ஆர்டர் கிடைத்ததற்காக' என்று எழுதிப் போட்டேன்.

பாஸ்டர் ஐயா படித்தார். படித்துவிட்டுத் தன் பங்குக்கும் ரெண்டு வார்த்தை சேர்த்தார். நம்ம சபைப் பிள்ளையின் கை பட்ட சிப் உலகமெங்கும் போகிறது, கர்த்தர் நல்லவர் என்றார். சபை ஆமென் சொன்னது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இனித்தது. அத்தனை வருஷமாக அந்தச் சபையில் யாரும் என்னை, நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டதில்லை. 'திருப்பதியில கம்பெனி வேல', அவ்வளவுதான். அன்றைக்கு ஆராதனை முடிந்து டீ குடிக்கிற இடத்தில் என்னைச் சுற்றி எட்டுப் பேர்.

லில்லி டீச்சரும் வந்தார்கள். உங்கள் ரெண்டு பேருக்கும் கை பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள், மிஷன் பள்ளியில் எனக்குமே டீச்சர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தங்கை மகன் எட்வின்தான் கூட இருந்தான்.

"இன்னாடா தேவா, உலகத்துக்கே கரண்ட் குடுக்கப் போறியாமே. எங்க ஊட்டு மோட்டரு ரெண்டு நாளா ஓடல, அத யாரு பாக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நெஜமாவே பெரிய ஆர்டர்தானா?" என்று எட்வின் கேட்டான்.

"பெரிய எடம் எட்வினு. நம்ம வாயால பேரு சொல்லக் கூடாது. அவ்ளோ பெரிய எடம்."

இப்படிச் சொன்னேன். ஆர்டர் காகிதத்தை நான் பார்த்ததில்லை. எம்.டி. முகத்தைப் பார்த்தேன், லட்டைத் துன்னேன், அவ்வளவுதான் என் ஆதாரம்.

மறுநாளே, சபையில் பாட்டு நடத்துகிற கொயர் மாஸ்டர் மகளுக்கு ஸ்கூட்டி வாங்க வைத்திருந்த பணத்தில் பங்கு வாங்கிவிட்டார். இன்னும் ரெண்டு வீட்டில் வாங்கினார்கள். எனக்கும் அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட் பணம் வரும், அதில் பாதியைப் போடலாம் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். சோதனை முடிவுகளைப் பார்க்கிற ஆட்கள் அப்போதைக்கு வாங்கவோ விற்கவோ கூடாது என்று கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதனால்தான் நான் உடனே வாங்கவில்லை. புத்தியால் தப்பித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ரெண்டு மாதம் போயிற்று. அந்த மாதங்களில் எங்கள் பேன் சிப் லைனை நிறுத்தி, அந்த மெஷின்களைப் புது சிப்புக்குத் திருப்பினார்கள். பழைய பேன் கம்பெனிக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து ரிசப்ஷனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஒரு புதன்கிழமை. அடுப்பில் புது சிப்பின் இரண்டாவது செட் இருக்கிறது. நான் காலை ஷிப்டுக்கு வந்து பார்த்தால் மூன்றாவது தட்டில் பாதிக்கு மேல் விளக்கு அணைந்திருக்கிறது. விளக்கு அணைந்தால் அந்த சிப் போய்விட்டது என்று அர்த்தம். அறுநூறு மணி நேரம்கூட ஆகவில்லை.

குவாலிட்டியில் அப்போது ஒரு சின்னப் பெண் இருந்தாள். அரக்கோணத்திலிருந்து தினம் ரயிலில் வருவாள். வயதில் உன்னைவிட நாலைந்து வருஷம் பெரியவளாக இருக்கலாம் கிருபா. பதவியில் எனக்கு மேலே. நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அங்கிள் என்பாள். வந்து எண்ணிப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள்.

"ஆர்டர் கைவிட்டுப் போயிடுமா மேடம்?" என்று கேட்டேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எந்த ஆர்டர் அங்கிள்?"

"ஏஐ ஆர்டர்."

"ஆர்டர்னு யார் சொன்னது உங்களுக்கு?"

யார் சொன்னது என்று யோசித்தேன். யாரும் சொல்லவில்லை. அவள் தன் போனை எடுத்து, பங்குச் சந்தைக்கு எங்கள் கம்பெனி கொடுத்திருந்த கடிதத்தைக் காட்டினாள். ஊரில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அவ்வளவு பகிரங்கமான கடிதம். இங்கிலீஷில் இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். மதிப்பிட்டுப் பார்ப்பதற்காக மாதிரி சிப்புகள் கேட்டிருக்கிறார்கள். வாங்குவார்களா, எவ்வளவு, எப்போது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மொத்தக் கடிதத்தில் ஆர்டர் என்ற வார்த்தையே இல்லை.

"இது பொய் இல்ல அங்கிள். கம்பெனி சரியாத்தான் எழுதியிருக்கு. படிக்கிறவங்கதான் மேல ரெண்டு வரியோட நிறுத்திடறாங்க."

"நான் சர்ச்சுல ஆர்டர்னு சொல்லிட்டேன் மேடம்."

"சர்ச்சுலயா?" என்று சிரித்துவிட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு நின்றது. ஏனென்றால் லில்லி டீச்சர் விஷயம் அதற்குள் என் காதுக்கு வந்திருந்தது.

பங்காருபாளையத்தில் அவர்கள் அப்பாவின் மாந்தோப்பில் டீச்சருக்கு ஒரு பங்கு உண்டு. அதை விற்றாகிவிட்டது, பணம் வங்கிக்கு வந்துவிட்டது. மிஷன் குவார்ட்டர்ஸை அவர்கள் காலி செய்ய வேண்டும். சர்ச்சுக்குப் பின் தெருவில் ரெண்டு அறை வீடு ஒன்றைப் பேசி வைத்திருந்தார்கள். எட்வின், "ஆறு மாசம் பங்குல போட்டா மாடி வெச்ச வீடே வாங்கலாம் பெரிம்மா" என்று சொல்லி மனதைக் கலைத்துவிட்டான். திங்கட்கிழமை மொத்தத்தையும் போடுவதாக ஏற்பாடு. டீச்சர் அவனிடம் சொன்ன காரணம் ஒன்றுதான்: தேவா பொய் சொல்ல மாட்டான்.

நான் போனை எடுத்தேன். டீச்சர், அடுப்பில் சிப் செத்துக்கினு இருக்கு, பணத்தைப் போடாதீங்க என்று சொல்லிவிடப் போனேன். அந்தப் பெண் என் போன் மேல் கையை வைத்துவிட்டாள்.

"அத சொல்லக் கூடாது அங்கிள்."

"ஒரு வயசானவங்க வீடும்மா." மேடம் எல்லாம் மறந்துவிட்டது எனக்கு.

"தெரியுது. ஆனா இந்தத் தட்டுல என்ன நடந்துதுன்னு வெளிய யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். நீங்க டீச்சருக்கு சொல்வீங்க. டீச்சர் கொயர் மாஸ்டருக்கு சொல்வாங்க. அவர் வித்துட்டு வெளிய வருவார். யார்கிட்ட விப்பார்? இது தெரியாத ஒருத்தர்கிட்ட. அவங்களும் எங்கயோ ஒரு டீச்சரா இருக்கலாம். வேலை போறதும் கேஸ் வர்றதும் அப்புறம்."

அறைக்கு வெளியே, ஏசி இல்லாத வராந்தாவில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப நான் இன்னா பண்றது?"

"நீங்க தப்பா சொன்னது ஒரு வார்த்தை. அத திருத்துங்க. அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னாடி. உள்ள இருக்கறத சொல்லாதீங்க. வெளிய ஒட்டியிருக்கறத படிச்சிக் காட்டுங்க."

கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். அதோடு, என்னைப்போல் விஷயம் தெரியாதவன் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் அன்று சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். இதெல்லாம் எந்தச் சின்ன கம்பெனிக்கும் பொருந்தும் என்றாள்.

ஏஐ கூடங்களுக்குக் கரண்ட் வேண்டும் என்பது நிஜம். அந்தத் தேவை நமக்குத்தான் வரும் என்பது வேறு பேச்சு. பெரிய இடம் பத்துப் பேரிடம் மாதிரி கேட்கும், அதில் ஒன்பது பேர் நம்மைவிடப் பெரியவர்கள். மாதிரி தேறினாலும் வாங்க ஆரம்பிக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும், அதுவரை சம்பளம் எதிலிருந்து வரும்? சிப் வெட்டி எடுக்கிற மூலத்தகட்டை நாமே செய்வதில்லை, வெளிநாட்டில் செய்து வாங்குகிறோம். அங்கே வரிசையில் பெரியவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒரே ஒரு வாங்குகிறவரை நம்பி நின்றால் அவர் மனது மாறின அன்று நாம் தெருவில். காசு போதாமல் கம்பெனி புதுப் பங்குகளை வெளியிட்டால் இருக்கிற பூசணிக்காயையே இன்னும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுகிற கதை. கடைசியாக ஒன்று கேட்டாள். அதுதான் என்னைக் குத்தியது. "இதத் துரத்தறதுக்காக எத விட்டோம்?"

ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த பேன் கம்பெனிக்காரர் ஞாபகம் வந்தார்.

ஞாயிறு காலை பாஸ்டர் ஐயாவிடம், அறிவிப்பு நேரத்தில் ரெண்டு நிமிஷம் பேச வேண்டும் என்று கேட்டேன். இன்னொரு ஆர்டரா என்று கேட்டார். இல்லை ஐயா, திருத்தம் என்றேன்.

எழுந்து போய் நின்றேன். காகிதத்தைப் பிரித்தேன். "ரெண்டு மாசம் முன்னாடி ஆர்டர் கிடைச்சதுக்காகன்னு நான் எழுதினது தப்பு. ஆர்டர் இல்ல. மாதிரி கேட்டிருக்காங்க, அவ்ளோதான். கம்பெனி எல்லாருக்கும் கொடுத்த லெட்டர் இது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் எழுதிக் கொடுத்த தமிழைப் படித்தேன். வாங்குவார்கள் என்ற உறுதி இல்லை என்ற வரியை ரெண்டு தடவை படித்தேன்.

டீ குடிக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"தானா வர்ற நல்லத எங்களுக்கு வேணாங்கறியா?" என்றார் கொயர் மாஸ்டர். "நேத்துகூட ஏறியிருக்கு."

"நீங்க வாங்கணும், நாங்க பாக்கணும். அதானே அண்ணே?" இது எட்வின்.

"நான் வாங்கலடா."

"உங்க கம்பெனி அந்த நோட்டீஸ எடுத்ததும் வாங்கிக்குவீங்க."

அவன் சொன்னதில் ஒரு வாரத்துக்கு முன்னால்வரை உண்மை இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூன்றாவது தட்டு வெளியே வந்துவிடும். நாக்கு நுனியில் அது நின்றது.

லில்லி டீச்சர் கையை நீட்டினார்கள். "அந்த லெட்டர இப்பிடி குடு."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி கடைசி வரை படித்தார்கள். திரும்பவும் மேலிருந்து படித்தார்கள். எட்வின் ஏதோ சொல்ல வந்தான். "இரு" என்றார்கள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இதுல ஆர்டர்னு எங்கியும் இல்லியே."

"இல்ல டீச்சர்."

"அப்புறம் எதுக்குடா ஸ்தோத்திர காணிக்க போட்ட?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கொயர் மாஸ்டர்கூடச் சிரித்தார். நான் ஐந்தாம் வகுப்பில் நின்ற மாதிரி நின்றேன். டீச்சர் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வாங்குவேன் என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

அந்த நாலு நாளை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. திங்கள் வந்தது, போயிற்று. கேட்கப் பயம். வியாழக்கிழமை அடுப்பறையில் இருக்கும்போது உங்கள் அம்மா போன் பண்ணினாள்.

"ஏங்க, லில்லி டீச்சர் நம்ம ஏணிய கேக்கறாங்க. குடுக்கட்டுமா?"

"ஏணி எதுக்கு?"

"அந்தப் பின்தெரு வீட்டுக்கு வெள்ள அடிக்கணுமாம். அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம்."

"குடு" என்றேன். "ரெண்டு ஏணி இருந்தா ரெண்டும் குடு."

"நம்ம கிட்ட ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கு இன்னா ஆச்சி?"

போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ச் சொன்னேன். "ஏணியா?" என்று கேட்டாள். பிறகு புரிந்து, தன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். மலை லட்டைவிட அது எனக்கு நன்றாக இருந்தது.

உடனே பங்கு விழுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் ரெண்டு மாதத்துக்குமேல் ஏறிக்கொண்டே போயிற்று. எட்வின் என்னைப் பார்க்கிற இடத்தில் எல்லாம், "எங்க பெரிம்மா மாடி வீடு போச்சி, உங்க ஏணிதான் மிச்சம்" என்பான். எனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, தெரியாதவன் மாதிரி சிரித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அடுப்புக் கதவை மூடி வைத்திருப்பதைவிட வாயை மூடி வைத்திருப்பது கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒருநாள் கம்பெனி இன்னொரு கடிதம் வெளியிட்டது. அந்தப் பெரிய இடம் நம் சிப்பை மேற்கொண்டு பரிசீலிக்கவில்லை. ஒரே வாரத்தில் பங்கு ஏறத் தொடங்கின இடத்துக்கும் கீழே வந்து நின்றது. டீச்சர் வீட்டில் அப்போது மோட்டார் புதிதாகப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. எட்வின் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "வெச்சிட்டேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கொயர் மாஸ்டர் விற்கவே இல்லை. அவர் வீட்டுக்குப் போனேன். என் முதல் கவரால் வந்தது என்றேன். "நீ மொதல்ல சொன்னத கேட்டேன். ரெண்டாவது சொன்னத கேக்கல. அது என் தப்புப்பா" என்றார். அவர் பெருந்தன்மை அது. அவர் மகள் காலேஜ் முடிக்கிறவரை பஸ்ஸில்தான் போனாள். அந்தப் பெண்ணைப் பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். இது ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. மற்றபடி இதை நினைத்தால் நிம்மதிப் பெருமூச்சுதான் வருகிறது.

எம்.டி. ஒருநாள் அடுப்பறைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தப்பு சேசானன்னா" என்றார். தப்பு பண்ணிவிட்டேன் என்று. அதைத் தன் கீழே வேலை செய்கிறவனிடம் சொல்ல எத்தனை முதலாளிக்கு வாய் வரும்? பேன் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கே நேரில் போய் உட்கார்ந்தார். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். லைன் மறுபடி ஓடியது. எங்களில் ஒருத்தருக்கும் வேலை போகவில்லை. அந்தப் புது சிப்பைக்கூட அவர் விட்டுவிடவில்லை. ஒரு மூலையில் நிதானமாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். என்றைக்காவது தேறலாம். தேறினால் எனக்குச் சந்தோஷம்தான்.

கிருபா, உன் கம்பெனியும் நன்றாக வரட்டும். அவர்கள் சும்மா கொடுக்கிற பங்கை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வாங்கிக்கொள். ஆனால் உன் சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கே, தம்பியின் சேமிப்பும் அங்கே என்றால், அந்த ஒரு அடுப்பு அணைந்தால் வீட்டில் எந்த விளக்கும் எரியாது. சாலமோன், அக்கா முகத்தைப் பார்த்து வாங்காதே. லில்லி டீச்சரும் என் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கப் போனார்கள். அக்காவின் கம்பெனி வெளியிட்ட கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படி. உள்ளே இருக்கிறதை அக்காவிடம் கேட்காதே, அவளும் சொல்லக் கூடாது. புரியாவிட்டால் ரெண்டு பேரும் லில்லி டீச்சர் வீட்டுக்குப் போங்கள். அந்தக் காகிதம் இன்னும் அவர்கள் கைப்பையில்தான் இருக்கிறது. டீ போட்டுக் கொடுத்து, உங்கள் நைனாவைப் பற்றி ஒரு மணி நேரம் கிண்டல் பண்ணுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிட்டயரான மறுவாரம், பணம் முழுசாக வங்கிக்கு வந்துவிட்டது என்று தெரிந்த அன்று, மத்தியானம் சர்ச்சுக்குப் போனேன். உங்கள் அம்மாவிடம் பால் வாங்கப் போவதாகச் சொன்னேன். உள்ளே யாரும் இல்லை. வாசல் மேஜைமேல் கவர்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து ஐநூறு ரூபாய் வைத்தேன். பேனாவைத் திறந்து தொகையை எழுதினேன். பெயர் என்ற இடத்தை விட்டுவிட்டேன். காரணம் என்ற கோட்டின்மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மூடியைப் போட்டுச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, கவரை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, பால் வாங்கப் போனேன்.